பலகையில் 400, வீடு திரும்பும்போது 2,790: ராமநாதபுரத்துக் கிளினிக் ஒன்றைப் பற்றி

ராமநாதபுரத்தில் என் தாயாரை ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக நான் அழைத்துச் செல்லும் சர்க்கரை நோய்க் கிளினிக்கில், வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு பச்சைப் பலகை மாட்டியிருக்கிறது. 'ஆலோசனைக் கட்டணம் ரூ.400' என்று அதில் இருந்தாலும், எண் மட்டும் தனியே ஒட்டிய ஸ்டிக்கர். அதன் இடது ஓரம் கிளம்பி நிற்கும் இடத்தில் அடியிலிருந்து பழைய 300-இன் மூன்று எட்டிப் பார்க்கிறது. 2019 ஜூன் மாதம் நாங்கள் முதன்முதலாகப் போனபோது அதே இடத்தில் பெயின்டால் எழுதிய 150 இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் 200, 2023-இல் 300, 2025 ஜூனிலிருந்து 400. எங்கள் அளவில் பார்த்தால், ஆறு ஆண்டுகளில் இரண்டரை மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது.

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் கடலோர ஊர் ஒன்றில் வசிக்கிறேன். ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதுவது என் வேலை. தொழில் பழக்கத்தால் வீட்டுச் செலவுச் சீட்டுகளையும் ஒரு நீளக் குறிப்பேட்டில் ஒட்டி வைப்பவன் என்பதால், இந்த மதிப்பீட்டில் வரும் தொகைகள் ஞாபகத்திலிருந்து சொல்பவை அல்ல, சீட்டைப் பார்த்துச் சொல்பவை. கிளினிக்கின் பெயரை எழுதப் போவதில்லை. இங்கே நான் குறையாகச் சொல்லும் பலவும் எங்கள் கரையோர மக்கள் போய்வரும் வேறு கிளினிக்குகளிலும் நடப்பவைதான் என்று உறவினர்களும் உடன் வேலை பார்ப்பவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவர் பெயரை மட்டும் போட்டு மற்றவர்களைத் தப்பவிடுவது நியாயமாகப் படவில்லை.

டோக்கன், நாற்காலி, மின்விசிறி போன்ற ஏற்பாடுகளில் பெரிதாகக் குறை இல்லை. காலை ஏழு மணிக்கு நேரில் வந்தவர்களுக்கு டோக்கன் தருகிறார்கள், ஏழரைக்கு வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கிறார்கள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுக்கிறார்கள், டாக்டர் பத்து மணிக்கு வந்து அமர்கிறார். திங்கள், புதன், வெள்ளி மட்டும்தான் பார்க்கிறார். கழிவறை சுத்தமாக இருக்கிறது. வயதானவர்களைக் கூட்டிச் செல்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும்.

டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் சரியில்லாதவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை, வேறு இடத்துக்கு மாறியிருப்போம். நான்காவதோ ஐந்தாவதோ முறை போயிருந்தபோது, பிரஷர் பார்த்து முடித்த கையோடு, "அம்மா, செருப்பைக் கழட்டிட்டுக் காலை இந்த ஸ்டூல்ல வைங்க" என்றார். என் தாயார் நெத்திலி காயப் போடுகிறவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வெறுங்காலோடு சுடுமணலில் நின்று கருவாடு புரட்டியவர். டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் கைப்பிடியில் பொருத்திய மெல்லிய நைலான் இழையை எடுத்து, கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே அது வளையும் அளவுக்கு மட்டும் அழுத்தி, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கட்டைவிரலுக்கு அடியில் மூன்று இடங்களில் அம்மா பதில் சொல்லவில்லை. கண்ணைத் திறந்ததும், தங்கூசி என்று நாங்கள் சொல்லும் தூண்டில் நரம்பைப் போலவே இருந்த அந்த இழையைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது நம்ம தங்கூசில்ல? சுடுமணல்ல நின்ன காலு டாக்டரய்யா, அது மரத்துப் போயி பல வருசமாச்சு" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. மணலில் நின்றதால் காய்ப்பு ஏறுவது வேறு, சர்க்கரையால் நரம்பு உணர்ச்சி குறைவது வேறு என்பதையும், உணர்ச்சி இல்லாத காலில் மீன்முள் ஏறினாலோ மணல் சுட்டுக் கொப்பளித்தாலோ புண் பழுத்த பிறகுதான் தெரியவரும் என்பதையும், அப்படிப் பழுத்த புண்தான் பல பேருக்கு விரலையும் காலையும் எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது என்பதையும் அம்மாவுக்குப் புரியும் பேச்சில் சொன்னார். சர்க்கரை நோயாளிகளின் காலுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு போடச் சொல்லி, இரவு படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். அன்றைக்கு நான் கொடுத்த கட்டணத்தை இன்று நினைத்தாலும் மிகுதி என்று சொல்ல மனம் வராது. அதற்கு முன்பு பார்த்த எந்த இடத்திலும் அம்மாவின் காலை யாரும் கையால் தொட்டதில்லை.

ஆகவே என் புகார் டாக்டரின் 400 ரூபாயைப் பற்றியதல்ல. அந்த 400-ஐச் சுற்றி வளர்ந்திருக்கும் மற்றவற்றைப் பற்றியது.

2025 நவம்பர் மாதத்துச் சீட்டுகளை எடுத்துக்கொள்கிறேன். ஆலோசனைக் கட்டணம் 400. ஃபைல் கட்டணம் 50 (ஃபைல் 2019-இல் வாங்கிய அதே அட்டைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் இந்தத் தொகை உண்டு). இரண்டு வேளைச் சர்க்கரைப் பரிசோதனை 140. எங்கள் பக்கம் 'மூணு மாச சுகர்' என்று சொல்லும் எச்.பி.ஏ.1சி 500; சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் 180; கிளினிக்கோடு ஒட்டிய மருந்துக் கடையில் ஒரு மாத மருந்து 1,130. இதுவரை 2,400. பேருந்துக்கு ஆளுக்கு 30 வீதம் போக வர 120, நிலையத்திலிருந்து ஆட்டோ போக வர 160, வெறும் வயிற்று இரத்தம் கொடுத்த பிறகு இருவருக்கும் காலைச் சாப்பாடு 110. மொத்தம் 2,790. அன்றைய நாள் சம்பளத்தை நான் இதில் சேர்க்கவில்லை. பலகையில் இருக்கும் தொகை, உண்மையில் செலவாகும் தொகையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும்தான், ஏழு மணி டோக்கனுக்கு நாங்கள் பிடிக்கும் வெளியூர் வண்டியில் கிடையாது.

நேர்மைக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2019 ஜூனில் முதல் சீட்டின் மொத்தம் வெறும் 680 என்றாலும், அதை நவம்பர் 2,400-ஓடு அப்படியே ஒப்பிடுவது தவறு. அப்போது அம்மாவுக்கு இரண்டு வகை மருந்துதான், இப்போது நான்கு வகை. நோயும் கூடியிருக்கிறது, விலையும் கூடியிருக்கிறது. கலப்பில்லாமல் ஒப்பிடக்கூடியவை இரண்டே: ஆலோசனைக் கட்டணம் 150-இலிருந்து 400, இரண்டு வேளைச் சர்க்கரைப் பரிசோதனை 80-இலிருந்து 140.

இந்த ஆண்டுகளில் சத்தம் இல்லாமல் சுருங்கிய இன்னொன்று 'ரிவியூ' நாட்கள். 2019-இல், பார்த்துவிட்டுப் போன பத்து நாட்களுக்குள் திரும்ப வந்தால் கட்டணம் இல்லை. பிறகு அது ஏழு நாளாயிற்று, பிறகு ஐந்து, இப்போது மூன்று. கட்டணம் ஏறினால் பலகையில் தெரிகிறது. நாள் குறைந்தது எங்கும் எழுதப்படவில்லை, மேசையில் இருக்கும் பெண் சொல்லும்போதுதான் தெரியவருகிறது. கடந்த ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை போயிருந்தோம். சில பரிசோதனைகளை வெளி லேபுக்கு அனுப்பினார்கள்; முடிவு சனிக்கிழமை மாலைதான் வந்தது. டாக்டர் அடுத்து அமரும் நாள் திங்கள். திங்கள் காலை அந்த ஒற்றைத் தாளோடு நான் மட்டும் போய் நின்றபோது, "மூணு நாள் ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சிருச்சு சார், முதல் நாளையும் சேத்துத்தான் கணக்கு" என்று சொல்லி 400 ரூபாய்க்கு மறுபடியும் சீட்டுப் போட்டார்கள். டாக்டர் தாளைப் பார்த்தார், "எல்லாம் சரியா இருக்கு, அதே மாத்திரை" என்றார், அரை நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வரும் எந்த நோயாளிக்கும் இந்த மூன்று நாள் சலுகை கிடைக்க வழியே இல்லை என்பதை அவர்களே ஒருமுறை நாட்காட்டியை வைத்துப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள். நான் அதை மேசையில் சொன்னேன். அந்தப் பெண்ணின் கையில் அதை மாற்றும் அதிகாரம் இல்லை, அவரிடம் கோபித்துக்கொள்வதில் பொருளும் இல்லை.

ஐஸ் கம்பெனியில் பார் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் ஏற்றினால், அன்று சாயங்காலமே படகுக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். மின்கட்டண ரசீதைக் காட்டி, ஆள் கூலியைச் சொல்லி, அரை மணி நேரம் வாதாடி, ஐந்தை மூன்றாகக் குறைத்துக்கொண்டுதான் போவார்கள். அதே ஆட்கள் கிளினிக்கில் நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டால் வாய் திறக்காமல் எடுத்து வைக்கிறார்கள். மருத்துவரிடம் பேரம் பேசுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் ஒரு பக்கம், நம்மைப் பார்க்கும் கையில் கோபம் ஏறிவிடக் கூடாது என்ற பயம் இன்னொரு பக்கம்.

பரிசோதனைகளுக்கு வருகிறேன். எச்.பி.ஏ.1சி என்பது இரத்தச் சிவப்பணுக்களில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள் என்பதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அதில் தெரிகிறது. மக்கள் வாயில் அது 'மூணு மாச சுகர்' ஆனது காரணமில்லாமல் அல்ல. மருந்து மாற்றினாலோ கட்டுப்பாடு தவறினாலோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சர்க்கரை நிலையாக இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பார்த்தால் போதும் என்பதுதான் பொதுவான மருத்துவ வழிகாட்டல். என் குறிப்பேட்டில் செப்டம்பரில் ஒன்றும் நவம்பரில் ஒன்றும் ஒட்டியிருக்கின்றன. இரண்டிலும் 7-ஐ ஒட்டிய எண்தான், மருந்தும் மாறவில்லை. எட்டு வாரத்தில் இரண்டாவது முறை 500 ரூபாய் எதற்கு என்று லேபில் கேட்டதற்கு, "பேக்கேஜ்ல வருது சார்" என்றார்கள். டாக்டர் எழுதிய சீட்டில் அது இல்லை. 'வழக்கமான பரிசோதனை' என்று மட்டும் எழுதியிருந்தார், வழக்கம் எது என்பதை லேபே தீர்மானித்துக்கொண்டது.

அந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையே இல்லை என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். எத்தனையோ காலைகளில் அம்மாவை ஒரு வாய் காபிகூட இல்லாமல் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மருந்துச் செலவுதான் நீண்ட கதை. நவம்பர் மாத 1,130-இல் 390 ரூபாய் ஒரு புரோட்டீன் மாவு டப்பாவுக்குப் போனது. மீதி 740 நான்கு வகை மருந்து அடங்கிய மாத்திரைகளுக்கு. சீட்டைப் பக்கத்துத் தெரு மருந்துக் கடைகளில் நீட்டிப் பார்த்தேன்; எழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை, கிளினிக்கோடு ஒட்டிய கடையில் மட்டும் ஒரு பார்வையில் படித்துவிடுகிறார்கள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், மருந்தை நிறுவனம் வைத்த பெயரில் அல்லாமல் அதன் பொதுப்பெயரில் (ஜெனரிக்), தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுதச் சொல்கின்றன. கட்டணத்தைப் பார்வைக்கு வைக்கச் சொல்வதும் அதே விதிகள்தான். இரண்டாவதைக் கிளினிக் ஸ்டிக்கர் ஒட்டியாவது நிறைவேற்றுகிறது, முதலாவதை மறந்துவிட்டது.

டிசம்பர் மாதம் போனபோது நானே டாக்டரிடம் கேட்டுவிட்டேன். மனதுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டு போன கேள்வி அது: "சார், மாத்திரை பேரைப் பொதுப்பெயர்ல, படிக்கிற மாதிரி எழுதித் தர முடியுமா? இதுல எது கட்டாயம், எது இல்லாட்டியும் பரவாயில்லன்னும் சொல்லிட்டா நல்லா இருக்கும்." அவர் முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். அவரோ பழைய சீட்டை வாங்கி, புரோட்டீன் மாவின் மேல் ஒரு கோடு போட்டார். "மீன் சாப்பிடற வீட்டுக்கு இது எதுக்கு, நான் எழுதலையே" என்றார். எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் மேலே சொல்லவில்லை. பிறகு புதுச் சீட்டு எடுத்து மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டெல்மிசார்டன், அட்டோர்வாஸ்டாட்டின் என்று நான்கையும் அளவோடு பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். கேட்டால் செய்கிறார், கேட்காதவர்களுக்குப் பழைய வழிதான்.

இந்த நான்கும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை, ஆகவே உச்சவிலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஆனால் உச்சவிலையும் ஆண்டுதோறும் மொத்த விலைக் குறியீட்டோடு சேர்ந்து ஏற அனுமதி உண்டு: 2022 ஏப்ரலில் 10.7 சதவீதம், 2023 ஏப்ரலில் 12.1 சதவீதம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் உயர்வு மிகச் சிறியது. கூடுதலாக, இரண்டு மருந்தை ஒரே மாத்திரையாகக் கலந்த வகைகள் பலவும், பட்டியலுக்கு வெளியே உள்ள சத்து மாத்திரை, மாவு வகைகளும் இந்த உச்சவிலைக்குள் வருவதில்லை. கிளினிக்கில் அம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த சர்க்கரை மாத்திரை அப்படிப்பட்ட கலப்பு வகை. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 சதவீதமானது. வரியோடு 112 ரூபாய்க்கு விற்ற அட்டை 105 ஆகும் என்பது கணக்கு. அந்தக் குறைவு எங்கள் மருந்துச் சீட்டில் அடுத்த மாதமே தெரிந்தது. ஆய்வகப் பொருட்களுக்கும் அதே நாளில் வரி குறைந்தது. லேப் கட்டணத்தில் ஒரு ரூபாயும் குறையவில்லை.

புதுச் சீட்டை எடுத்துக்கொண்டு மலிவு விலை மருந்தகங்களைத் தேடினேன். மத்திய அரசுத் திட்டத்தில் மக்கள் மருந்தகங்கள் முன்பே இருந்தன. மாநில அரசு 2025 பிப்ரவரி 24 அன்று முதல்வர் மருந்தகங்கள் ஆயிரத்தைத் தமிழ்நாடு முழுவதும் தொடங்கியது. இரண்டிலும் விற்பது பொதுப்பெயர் மருந்துகள். கலப்பு மாத்திரைக்குப் பதிலாகத் தனித்தனி இரண்டு என்று டாக்டரே எழுதியிருந்ததால் குழப்பம் வரவில்லை. நான்கு வகைக்கும் ஒரு மாதத்துக்கு 310 ரூபாய் ஆயிற்று. முதல் மாதம் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை, "வெல கம்மின்னா வேலயும் கம்மியாத்தான் இருக்கும்" என்று மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிப்ரவரியில் எச்.பி.ஏ.1சி 7-ஐ ஒட்டியே வந்த பிறகுதான் பேச்சை நிறுத்தினார். கையிருப்பு இல்லாமல் திரும்பி வரும் நாளும் உண்டு என்பதால், மாத்திரை முடிவதற்குப் பத்து நாள் முன்பே போய்விடுகிறேன்.

கிளினிக் நடத்துகிறவர்களின் கணக்கையும் நான் கணக்கெழுதுபவன் என்ற முறையில் பார்க்க வேண்டும். வாடகை, மின்சாரம், செவிலியர் சம்பளம், கருவிகளின் பராமரிப்பு எல்லாம் ஏறியிருக்கின்றன. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் நோயாளியிடம் வரி வாங்க முடியாது. அதே காரணத்தால், அவர்கள் வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது, அது செலவாகவே தங்கிவிடும். இவையெல்லாம் 150 ரூபாய் 250 ஆவதற்கும், தாராளமாகப் பார்த்தால் 300 ஆவதற்கும் நியாயமான காரணங்கள். ஆறு ஆண்டுப் பழைய அட்டைக்கு மாதந்தோறும் 50 ரூபாய் வாங்குவதற்கும், டாக்டர் எழுதாத மாவு டப்பா பையில் ஏறுவதற்கும் இந்தக் காரணங்களில் எதுவும் பொருந்தாது.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். எங்கள் வீட்டிலும் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறது, அது பெரிய பாதுகாப்புதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது அதன் அருமையைக் கண்ணால் பார்த்தோம். ஆனால் அது முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது. மாதாமாதம் டோக்கன் வாங்கிப் போய் வரும் செலவுக்கு அது வராது. ஒரே நாளில் ஒரு லட்சம் செலவானால் உதவிக்கு ஆள் உண்டு, மாதம் இரண்டாயிரமாகப் பத்து ஆண்டுகள் செலவானால் யாரும் இல்லை என்பதுதான் நடைமுறை.

இந்தச் செலவின் கனம் எங்கள் கரையில் எப்போது தெரியும் என்றால் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை; குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். ஒருமுறை இந்தக் கிளினிக்குக்குப் போய் வரும் 2,790 அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மற்ற மாதங்களில் எழுபதைத் தாண்டும் டோக்கன் எண், மே மாதத்தில் இருபதுக்குள் நின்றுவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தடைக்காலம் கிடையாது. கடற்பாசி எடுக்கப் போகும் என் சித்தி, கணவருக்குப் படகு வேலை இல்லாத அந்த இரண்டு மாதமும் பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டு வந்தார் என்பது, ஜூனில் அவர் தலைசுற்றி விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கேட்டதற்கு, "பாதி போட்டாப் பாதியாவது கேக்கும்ல" என்றார்.

அரசு வழியில் கிடைப்பவற்றை ஒப்பிடாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். அதன் தன்னார்வலர் எங்கள் தெருவுக்கும் வருகிறார். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார், பிரஷர் பார்க்கிறார், குறித்துக்கொள்கிறார், தேவைப்படுபவர்களுக்கு மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது. செலவு எதுவும் இல்லை. என் சித்தி இப்போது அதில்தான் இருக்கிறார், மாத்திரையை நாள் தவறாமல் போடுகிறார். ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதிலிருந்து அங்குள்ள மருத்துவமனையில் சிறப்பு மருத்துவர்களைப் பார்ப்பதும் முன்பைவிட எளிதாகியிருக்கிறது. புறநோயாளிக்குக் கட்டணம் கிடையாது. அங்கே கிடைக்காதது, ஒரே டாக்டர் ஒரே நோயாளியை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பது. இந்த ஆண்டு காலில் எத்தனை இடத்தில் உணர்ச்சி இல்லை, போன ஆண்டு எத்தனை இடம் என்று ஞாபகம் வைத்திருக்கும் ஒருவரை விட்டுவிட எனக்கு மனமில்லை. கிளினிக்கில் நான் காசு கொடுத்து வாங்குவது இந்த ஒன்றைத்தான். மற்றதையெல்லாம் வெளியே வாங்கலாம் என்று புரிய எனக்கு ஆறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

டிசம்பரில் சீட்டு மாற்றியபோதே, எவ்வளவு நாளைக்கு ஒருமுறை வர வேண்டும் என்றும் கேட்டேன். சர்க்கரை நிலையாக இருக்கும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும், இடையில் வீட்டில் பார்க்கும் அளவு ஏறினாலோ காலில் சின்னப் புண் வந்தாலோ உடனே வரவேண்டும் என்றார். 'மாதம் ஒருமுறை' என்பது யாரும் சொன்னதல்ல. மருந்துக் கடை முப்பது நாளுக்கு மாத்திரை கட்டிக் கொடுத்ததால் நாங்களாகவே எடுத்துக்கொண்ட பழக்கம்.

செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்று மாதமும் பழைய வழியில் ஆன மொத்தச் செலவு 7,500-ஐத் தாண்டியது. பிப்ரவரியில் போய் வந்ததும் மூன்று மாத மருந்தும் சேர்த்து இப்போது ஆனது: கட்டணம் 400, ஃபைல் 50, எச்.பி.ஏ.1சி 500, மருந்து 930, பேருந்தும் ஆட்டோவும் 280, ஆக 2,160. டாக்டர் அதே டாக்டர்தான், அன்றைக்கும் காலை ஸ்டூலில் வைக்கச் சொல்லிப் பார்த்தார். கிரியாட்டினினும் மற்றவையும் ஆண்டுக்கு ஒருமுறை வரும்போது இது கொஞ்சம் கூடும்.

இந்தக் கிளினிக்கை நான் பரிந்துரைக்கிறேனா என்றால், சர்க்கரை முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கும், கால், கண், சிறுநீரகத்தில் பாதிப்பு தொடங்கியவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். சளி, காய்ச்சலுக்கும், பழைய மாத்திரையையே தொடர்வதற்கும் இவ்வளவு தூரம் வருவது வீண். போகிறவர்கள் திங்களோ புதனோ போகட்டும், வெள்ளி வேண்டாம். லேபில் இரத்தம் கொடுக்கும் முன் எந்தெந்தப் பரிசோதனை, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளட்டும். மருந்துப் பையைப் பிரித்து, சீட்டில் எழுதாத பொருள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டட்டும். கிளினிக்காருக்கு என் வேண்டுகோள் இரண்டுதான்: டாக்டர் கட்டணத்துக்கு வைத்தது போல லேபுக்கும் ஒரு பலகை வையுங்கள்; வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு ரிவியூ நாளை அடுத்த புதன்வரை நீட்டுங்கள்.

எங்களுக்கு அடுத்த முறை மே மாதம். தடைக்காலம் என்பதால் டோக்கனுக்கு ஏழு மணிக்கே போய் நிற்க வேண்டியிருக்காது. வெறும் வயிறும் தேவையில்லை. வீட்டில் கஞ்சியும் நெத்திலிக் கருவாடும் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணி வண்டியில் கிளம்பலாம் என்று சொன்னபோது, இந்த ஏற்பாடு முழுவதிலும் அம்மாவுக்குப் பிடித்த பகுதி அதுவாகத்தான் இருந்தது.